என் வண்டிக்கு மட்டும் ராத்திரி

இப்ரீ,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனன் ஹிலாலுக்கு, உன் அக்காவைக் கட்டிய கல்ஃபான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அக்கா ஸுவைனா, ஆடுகள், பேரீச்ச மரங்கள், வாய்க்கால் தண்ணீர் அனைவரும் இறையருளால் நலம். நிஸ்வாவில் நீயும் நஸ்ராவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் நான் பேசினால் நீ அதை ஊருக்கே கேட்கும்படி வைத்துக் கேட்கிறாய். உன் பெண்டாட்டி நஸ்ரா பக்கத்தில் இருந்து கேட்கிறாள். நான் போனைக் கீழே வைப்பதற்குள் அந்தச் சேதி சுற்றி வந்து என் சமையல்கட்டில் நிற்கிறது. ஆகையால் இதைத் தனியாக உட்கார்ந்து படி.

விஷயம், நீ எனக்குக் கொடுத்த வண்டியைப் பற்றியது. போன குளிர்காலத்தில் நீ புது வண்டி வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் தள்ளிவிட்டபோது என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "மச்சான், இதுல ஏசியைத் திருகுற வேலையே இல்ல. உங்களுக்கு எவ்வளவு குளிர் வேணுமோ அந்த எண்ணை வச்சுட்டு மறந்துடுங்க. மிச்சத்தை வண்டியே பார்த்துக்கும்" என்றாய். எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. நம் ஊர் ஃபலஜ் வாய்க்காலுக்கு முறை வைக்கிறவன் நான். தரையில் நட்ட குச்சியின் நிழலைப் பார்த்து, யார் தோட்டத்துக்கு மடையைத் திறப்பது, யாருக்கு அடைப்பது என்று சொல்வதே என் பிழைப்பு. அப்படிப்பட்டவனிடம் ஒரு வண்டி வந்து, மடையை நானே திறந்து நானே அடைத்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு என்றால் எப்படி இருக்கும்? என் பழைய வண்டியில் ஒரே ஒரு குமிழ்தான். நீலப் பக்கம் திருப்பினால் குளிரும். சிவப்புப் பக்கம் என்ன நடக்கும் என்று இப்ரீயில் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. ஆனாலும் நீ ஆசையாகக் கொடுத்ததால் வாங்கிக்கொண்டேன். குளிர்காலம் முழுவதும் உன் அக்காவும் நானும் அதை ஜோடித்தோம். இருக்கைகளுக்குச் சிவப்பு உறை போட்டோம். உன் அக்கா டிஷ்யூ பெட்டிக்கு மணிகளும் ஜரிகையும் வைத்து ஒரு உறை தைத்து, முன் கண்ணாடிக்குக் கீழே நட்டநடுவில் வைத்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் என் பங்குக்கு ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து, ஈரத்துணி சுற்றிய தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். ஃபலஜ் கரையில் நிற்கிறவனுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்.

வெயில் காலம் வந்தது. வண்டி கையை விரித்துவிட்டது. இருபத்திரண்டு என்று எண் வைத்தால், அதுவும் இருபத்திரண்டு என்று வெட்கமில்லாமல் எழுதிக் காட்டுகிறது, ஆனால் உள்ளே வெந்துகொண்டிருக்கிறோம். காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தால் யாரோ தூரத்தில் பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பும்போது உன் அக்கா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அபூ ஸாஹிர், இது காரா, ரொட்டி சுடுற அடுப்பா?"

"போகப் போகக் குளிரும்" என்றேன்.

"எங்க போகப் போக? சந்தைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ளயே நான் பாதி வெந்துட்டேன். ஸலாலாவுக்கு நான் ஹிலால் வண்டியில போறேன். நீங்க பின்னாடியே இதை ஓட்டிக்கிட்டு வாங்க."

ஹிலால், மற்றதெல்லாம் எனக்கு வேடிக்கை. இது மட்டும் வேடிக்கை இல்லை. எனக்கு அபூ ஸாஹிர் என்று பேர் வாங்கிக் கொடுத்த மூத்தவன் ஸாஹிர் உட்படப் பிள்ளைகள் எல்லாரும் மஸ்கத்தில் வேலை என்று போய்விட்டார்கள். இந்த வருஷம் ஸலாலா சாரலுக்கு நீங்கள் உங்கள் வண்டியிலும், எங்கள் வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமாகவும் போவதாக இருந்தோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வண்டியில் எப்போதும் பின்னால் பிள்ளைகள், இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டிகள், அதுவும் இல்லாவிட்டால் யாராவது ஒரு சித்தப்பா. அந்தப் பாலைவனச் சாலையைப் பற்றி உனக்கே தெரியும். மணல், மறுபடியும் மணல், நடுவில் ஒரு டீக்கடை. பக்கத்தில் ஸுவைனா உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டு, முந்திப் போகும் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டு, யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தால் அந்தச் சாலை முடிவதே தெரியாது. அவள் உன் வண்டியில் சிரித்துக்கொண்டு முன்னால் போக, நான் அந்த வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே ஸலாலா வரைக்கும் போவதா? எனக்கு அவள் பக்கத்தில் வேண்டும். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் எண்ணைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசியில் எண்ணே போய், 'இதற்கு மேல் என்னிடம் இல்லை' என்கிற மாதிரி இரண்டு எழுத்து வந்து நின்றது. அப்போது கொஞ்சம் குளிர்ந்தது, ஆனால் எல்லாக் குளிரும் உன் அக்காவின் முழங்காலுக்கே போனது. அவளுக்கு முழங்கால் வலி வந்தது, எனக்கு வேர்வை நிற்கவில்லை. சரி, தகராறு என்றால் தீர்க்கத் தெரிந்தவன்தானே நான் என்று, ஃபலஜ் தண்ணீரைப் போலக் குளிரையும் முறை வைத்துப் பிரித்தேன். ஒரு முறை என் எண், அடுத்த முறை அவள் எண். இரண்டாவது முறையிலேயே உன் அக்கா, "என் முறையில பாதி நேரம் நீங்க பெட்ரோல் பங்க்ல நின்னுட்டீங்க, அதை ஈடு கட்டுங்க" என்று வழக்குப் போட்டாள். இருபது வருஷமாக ஊர்க்காரர்கள் என்னிடம் போடுகிற அதே வழக்கு. தீர்ப்பு சொல்கிறவன் ஒரு கட்சிக்காரனாகவும் இருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முறையைக் கலைத்துவிட்டேன்.

அப்புறம் தன்க் ஊர்க் கல்யாணம். கல்யாணத்துக்குப் போகும்போது வண்டிக்குள் சாம்பிராணிப் புகை போடாமல் உன் அக்கா கிளம்பமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். புகை போட்ட சட்டியை இறக்கிவைக்க மறந்து, முன்னால் காலடியில் அப்படியே வைத்துவிட்டோம், உள்ளே கங்கு இருந்தது. என் தண்ணீர் பாட்டிலை அன்றைக்குக் கழுவக் கொடுத்திருந்தேன். ஊரைத் தாண்டியதும், அதுவரை பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த வண்டிக்கு என்ன வந்ததோ, திடீரென்று புயலாக ஊத ஆரம்பித்தது. எல்லாத் துவாரத்திலும் பனி போலக் காற்று. "குளிருது, குளிருது, அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சட்டியில் இருந்த சாம்பல் முழுவதும் கிளம்பி என் வெள்ளை அங்கி மேலும் தாடி மேலும் வந்து உட்கார்ந்தது. உன் அக்காவுக்கு முகத்திரை இருந்ததால் தப்பித்தாள். கல்யாண வீட்டு வாசலில் நான் இறங்கியதும் மாப்பிள்ளையின் தகப்பனார் ஓடி வந்து என் கையைப் பிடித்து, "அபூ ஸாஹிர், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறந்தால் இருமல்தான் வருகிறது. அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு வரிசையாக நாலைந்து பேர் என் தோளைத் தடவி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கையேந்தித் துஆ கேட்கவே தொடங்கிவிட்டார். ஆண்கள் பந்தியில் எனக்கு இரண்டு துண்டு கறி கூடுதலாக வைத்தார்கள். அதை மறுக்கவில்லை.

அந்தப் புயலில்தான் எனக்குப் பொறி தட்டியது. குளிர் இருக்கிறது, ஆனால் வண்டி தரமாட்டேன் என்கிறது. மறுநாளே தொழிற்பேட்டையில் இருக்கும் பலூச்சி முராதிடம் கொண்டுபோனேன். அவன் ஸ்டியரிங் கீழே ஒரு கம்பியைச் சொருகி, கையில் இருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே உச்சி வெயில். தார் இளகிக்கொண்டிருந்தது.

"அபூ ஸாஹிர், உங்க வண்டிக்கு இப்ப ராத்திரியாம்" என்றான்.

"என்னப்பா உளர்ற?"

"நான் உளறல, அது உளறுது. இங்க பாருங்க, கண்ணாடிக்குக் கீழ பட்டாணி மாதிரி கறுப்பா ஒண்ணு இருக்கே, அதுதான் இதோட கண்ணு. வெயில் எவ்வளவு அடிக்குதுன்னு அதுதான் பார்த்துச் சொல்லும். அதும் மேல பெட்டியைத் தூக்கி வச்சிருக்கீங்க. ஸ்டியரிங் பக்கத்துல சின்னச் சின்ன ஓட்டை இருக்கா? அது மூக்கு. உள்ள இருக்கிற காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, எவ்வளவு சூடுன்னு பார்க்கும். அதுக்கு நேரா ஐஸ் தண்ணி பாட்டிலைத் தொங்கவிட்டு மூக்கை அடைச்சிருக்கீங்க. முன்னாடி கம்பி வலைக்குப் பின்னாடி இன்னொண்ணு வெளிச்சூட்டைப் பார்க்கும். அது மட்டுந்தான் உங்க கைக்கு எட்டல, அதனால உண்மையைச் சொல்லிக்கிட்டு இருக்கு. ஆனா வெளிய சூடா இருந்து என்ன, உள்ள ராத்திரி, குளிர் வேறன்னு ரெண்டு பேரு சொல்றாங்களே. வண்டி யாரை நம்பும்?"

"அப்ப கல்யாணத்தன்னைக்கு?"

"மூக்குல நெருப்பைக் காட்டுனீங்க. வீடு பத்திக்கிச்சுன்னு நினைச்சுருக்கும்."

பிறகு ஏசிக்கு உள்ளே இருக்கும் ஒரு பலகையைப் பற்றியும் சொன்னான். குளிர்ந்த காற்றுக்கு ஒரு வழி, சூடான காற்றுக்கு ஒரு வழி, நடுவில் ஒரு பலகை. கண்ணும் மூக்கும் சொல்வதைக் கேட்டு, நாம் வைத்த எண்ணோடு ஒப்பிட்டு, அந்தப் பலகை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்து இரண்டையும் கலந்து விடுகிறது. விசிறியைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே கணக்குத்தான். ஹிலால், இது அப்பட்டமான மடை. நான் கரையில் நின்று செய்கிற வேலையை அது உள்ளே ஒளிந்துகொண்டு செய்கிறது. என் நிழற்குச்சிப் பக்கத்தில் ஒரு ஆடு வந்து நின்று நிழலை மறைத்தாலே நான் கல்லை எடுக்கிறவன். அதன் குச்சியை நானே மறைத்துவிட்டு அதைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பெட்டியைப் பின் சீட்டிலும் பாட்டிலைக் காலடியிலும் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். உன் தலை மேல் ஆணையாக, வீடு வந்து சேர்வதற்குள் மூன்று தடவை தும்மினேன். அந்த வண்டியை இப்போது நான் மனசார நேசிக்கிறேன். நீ நல்லவன்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். பெட்டி ஏன் இடம் மாறியது என்று உன் அக்கா கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீ தைத்த உறைதான் வண்டியின் கண்ணைக் கட்டியது என்று சொன்னால், அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததை நான் தாங்கமாட்டேன். ஆகவே அவளிடம், வண்டியில் பழைய கோளாறு ஒன்று இருந்தது, அது ஹிலாலுக்கும் தெரியும், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை, முராத் சரிசெய்துவிட்டான், இனிமேல் முன்னால் பெட்டி வைக்கக் கூடாது என்று கம்பெனியிலேயே சொல்லிவிட்டார்கள் என்று சொல்லப்போகிறேன். அவள் உன்னைக் கேட்டால் "ஆமாக்கா, தப்புத்தான்" என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொள். அத்தோடு, உன் வண்டியில்தான் வருவேன் என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதால், உன் வண்டியில் நஸ்ராவின் பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றியதில் பின் சீட்டில் இடமே இல்லை என்றும் சொல்லிவிடு. நீ அவளுக்குத் தம்பி, உன்மேல் இருக்கும் கோபம் சாயங்காலத்துக்குள் தணிந்துவிடும்.

நஸ்ராவுக்கு என் ஸலாம். உன் தோட்டத்து மாமரம் இந்த வருஷமாவது காய்க்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளும், வாயைத் திறக்காமல் இருக்கும் பாக்கியமும் இறைவன் தருவானாக. கடிதத்தை மத்தியான பஸ்ஸில் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மச்சான்,
கல்ஃபான்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கடிதத்தை மடிக்கும்போது உன் அக்கா காபியும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும், தயாரித்து வைத்திருந்த பொய் தொண்டைக்கு வரவில்லை. பெட்டியைப் பற்றிய முழு உண்மையையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்று காபியை ஊற்றினாள். "முராத் பொண்டாட்டி அன்னைக்கே சொல்லிட்டா. பாட்டில் கதையும் சொன்னா. அதை மட்டும் நீங்க முழுங்கிட்டீங்க."

"தெரிஞ்சும் எதுக்கு ஹிலால் வண்டியில போறேன், ஹிலால் வண்டியில போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்த?"

"டயர் புதுசுன்னீங்க. வண்டி ரெடின்னீங்க. ஊருக்கெல்லாம் குளிருது குளிருதுன்னு சொன்னீங்க. என்னைப் பார்த்து, 'நீ வா'ன்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன் ஹிலால். கேட்கவில்லை. உனக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்கூட வா, ஸுவைனா" என்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணமான புதிதில் சிரிப்பாளே அப்படிச் சிரித்து, "சரி, வர்றேன்" என்றாள். அல்ஹம்துலில்லாஹ், இதைவிட எனக்கு என்ன வேண்டும் என்று இருந்தது. அவள் எழுந்துபோகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "வண்டிதான் இவ்வளவு நல்லாக் குளிருதே, எதுக்கு ரெண்டு வண்டி? ஹிலாலும் நஸ்ராவும் நம்ம பின் சீட்டுலயே வரட்டும். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு வருவாங்கல்ல, அப்ப நேர்லயே சொல்லிடறேன்."

ஆகவே வெள்ளிக்கிழமை நீ இருமிக்கொண்டே வர வேண்டும். உனக்கு லேசான காய்ச்சல். உடனே பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஸலாலா போய்ச் சேர்ந்த அன்றைக்கே உனக்குப் பூரண குணமாகிவிட வேண்டும் என்று நான் இப்போதிலிருந்தே துஆ செய்துகொண்டிருக்கிறேன்.