மலை மேல் பொங்கிய மாவு

ஜனவரி பதினொன்று, சனிக்கிழமை, காலை ஏழு பத்து. அஜ்மானில் பதினெட்டு டிகிரி, லேசான மூடுபனி, காற்று இல்லை. என் மனைவி கோமதி ஸ்வெட்டர் பையோடு வாசலில் தயாராக நின்றாள்.

அந்த ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் தள்ளுபடியில் வாங்கியது. மெரூன் நிறம், ஆறு பொத்தான். வளைகுடாவில் அதைப் போட ஒரு நாளும் வாய்க்கவில்லை. (ஏசி குளிர் கணக்கில் வராதாம்.) "ஒரே ஒரு காலையில, நெஜக் குளிர்ல, இதைப் போட்டுக்கிட்டு டீ குடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்காகத்தான் மகன் கார்த்தி கேரவன் வாடகைக்கு எடுத்தான். ஊரில் சினிமாக்காரர்கள் ஓய்வெடுப்பார்களே, அதே ரகம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. ஜெபல் ஜைஸ் மலைச்சாலையில் ஏறி, மேலே ஓர் இரவு தங்குவதாகத் திட்டம்.

நான் ராஸ் அல் கைமாவில் ஒரு செராமிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பர். அந்த மலையைத் தினமும் பார்த்தேன், ஏறியதில்லை. எதையும் எண்ணுவது வேலையோடு வந்த வியாதி. அன்றும் சாலையின் வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். பதினேழாவதில் மருமகள் நித்யா, "மாமா, வெளியே பாருங்க, எவ்ளோ அழகு!" என்றாள். கணக்கு போச்சு.

போகட்டும், எனக்கு வேறு கவலை இருந்தது. மலை மேல் ஆவி பறக்க இட்லி என்பது என் யோசனை. காலையில் ஆட்டிய மாவு ஒரு பெரிய தூக்கில் கூடவே வந்தது.

"குளிர்ல மாவு பொங்காதுங்க. ரொட்டி போதும்" என்றாள் கோமதி.

விடுவேனா? மாலையில் மேலே ஆறு டிகிரி. மாவு கல் மாதிரி கிடந்தது. மற்ற மூவரும் சூரிய அஸ்தமனம் பார்க்க இறங்கியதும், தூக்கை ஹீட்டருக்கு நேர் மேலே இருந்த அலமாரியில் ஏற்றினேன். ஹீட்டரை முப்பதில் வைத்தேன். திரும்பி வந்தவர்களிடம், "இதைக் குறைக்கக் கூடாதுன்னு வண்டிக்காரன் சொல்லியிருக்கான்" என்று ஒரு பொய்யும் சொன்னேன். அலமாரிக்குக் கீழே கொக்கியில் ஸ்வெட்டர் தொங்கியது. எல்லாவற்றையும் எண்ணுகிறவன், அதை மட்டும் எண்ணவில்லை.

விடியற்காலையில் கோமதி என்னை உலுக்கினாள். "என்னங்க, விசிறிக்க ஏதாவது இருக்கா?"

எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. கார்த்தி பனியனோடு உட்கார்ந்திருந்தான். "ஜூலை மாச அஜ்மானைக் கையோட கொண்டுவந்துட்டோமா?" என்றாள் நித்யா. அப்போது தூக்கின் மூடி கழன்று விழுந்தது. பொங்கிய மாவு ஸ்வெட்டர் மேல் வழிந்து, இருக்கையை நனைத்து, ஹீட்டருக்குள் இறங்கியது. தோசை வாசனை வந்தது. பிறகு 'பட்' என்று ஒரு சத்தம். ஹீட்டர் கலாஸ், அரபியில் சொன்னால் முடிந்தது கதை. பேட்டரியும் போய், விளக்கு அணைந்தது.

"அப்பா, மேல என்ன வச்சீங்க?"

"மாவு."

"வண்டிக்காரர் குறைக்கக் கூடாதுன்னு சொன்னாரே?"

"அதுவும் மாவுக்காகத்தான்ப்பா."

கோமதி ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்தாள். பொத்தான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதை அப்படியே போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனாள். என் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, அவளுக்குப் போர்த்தினேன்.

"உங்களுக்கு?"

"எனக்குக் குளிரல." பற்கள் தந்தியடித்ததில் அதைச் சொல்லி முடிக்கவே நேரமாயிற்று.

நித்யா டீ கொண்டுவந்தாள். எதிர்மலை விளிம்பை வெயில் தொட்டது. கோமதி ஒரு வாய் குடித்து, ஊதிப் பார்த்தாள். "அட, வாயிலேருந்து புகை வருதுங்க!" என்று சிரித்தாள். மறுபடி ஊதினாள், மறுபடி சிரித்தாள். பிறகு, "மிச்ச மாவு இருக்கா? நல்லாத்தான் பொங்கியிருக்கு" என்றாள்.

இருபத்தேழு இட்லி தேறியது. பஞ்சு மாதிரி இருந்ததாக அவளே ஒப்புக்கொண்டாள்.

இன்றும் வீட்டில் நான் ஏசி ரிமோட்டைத் தொட்டால், அடுக்களையிலிருந்து நித்யா குரல் கொடுப்பாள்: "மாமா, மாவு வச்சிருக்கீங்களா?" ஜாக்கெட் திரும்பி வரவில்லை. அடுத்த குளிருக்கு என்று கோமதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஹீட்டர் அறுநூற்று இருபது, இருக்கை சலவை இருநூற்று எண்பது, பேட்டரி நூற்றைம்பது, ஸ்வெட்டர் சலவை முப்பது, என் ஜலதோஷத்துக்கு மருந்து ஐம்பத்து நான்கு. ஆக ஆயிரத்து நூற்று முப்பத்து நான்கு திர்ஹம். இட்லி ஒன்றுக்கு நாற்பத்திரண்டு. இதில் சட்னியைச் சேர்க்கவில்லை.