அரை மணி நேர அணு

கார்பன் அணுவின் நடுப்பகுதி ஊதா நிறமாகிவிட்டது.

"சிவப்பு ஆறு, நீலம் ஆறுன்னு தனித்தனியாதான உருட்டினேன்?" என்றார் அப்பா. மை காய்வதற்குள் மாவு உருண்டைகளைச் சேர்த்து அமுக்கியதில் பன்னிரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

"இதுல புரோட்டான் எது, நியூட்ரான் எதுப்பா?" என்று மகள் கேட்டாள். அவருக்கும் அதே சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் காலை அணு மாதிரியுடன் வகுப்புக்குப் போகாதவர்களுக்குப் பத்து மதிப்பெண் போய்விடும். மகள் இதுவரை அரை மதிப்பெண்ணைக்கூடக் கோட்டைவிட்டதில்லை. அவள் முகம் வாடினால் அப்பாவுக்குச் சோறு இறங்காது.

அம்மா மகளின் அறிவியல் நோட்டை எடுத்து உரக்கப் படித்தார். "'அரை மணி நேர வேலை. வீட்டில் கிடைக்கும் பொருள்களே போதும்.' எழுதினவர் ஒரு தடவையாவது செஞ்சு பார்த்திருப்பாரா?"

"பார்க்காமலா எழுதுவாங்க?" என்றார் அப்பா, சுரத்தே இல்லாமல்.

அடுத்து எலக்ட்ரான். துணி மாட்டும் கம்பியை வளைத்து இரண்டு வளையம் செய்து, உள்ளே இரண்டு, வெளியே நான்கு என்று பொத்தான்களைக் கோத்துத் தொங்கவிட்டார். அவை சறுக்கிக்கொண்டு போய் அடியில் மாநாடு கூட்டின. பசை தடவினார். பொத்தான் ஒட்டவில்லை; கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. ஒருவழியாகப் பிய்த்தெடுத்து எண்ணினால் ஐந்து. மறுபடி எண்ணினால் ஏழு.

"ஏழு எப்படிம்மா வரும்?"

"உங்க சட்டைக் கைப் பொத்தானும் ஒட்டிக்கிட்டிருக்குப்பா."

கையை உருவியதில் வளையம் நெளிந்து முட்டையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"கோட்டம் கம்மிதான். நடுவுலதான் பிடிப்பு இல்ல. நாலு கம்பி போட்டு இழுத்துக் கட்டினா ஆடாது."

கட்டினார். முறுக்க முறுக்க வளையம் அழகான வட்டமானது. நான்காவது கம்பியை முறுக்கும்போது ஊதா உருண்டை பிதுங்கி, புரோட்டானும் நியூட்ரானும் கூட்டாக மெக்கானிக்கின் மீசையில் தெறித்தன.

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "இதைப் பிள்ளைங்களைச் செய்யச் சொன்ன புண்ணியவான் யாரு?"

அப்பா குனிந்து தரையில் பொத்தான் தேடினார். மெக்கானிக் திருப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்பா பசை டப்பாவை மூடினார். "ஒரு லெட்டர் எழுதும்மா. ஒரு வாரம் தவணை கேட்போம். வகுப்பு மொத்தத்துக்கும்னே கேளு."

"சார் கொடுப்பாரா?" என்றாள் மகள். "அன்னிக்கு ஒருத்தி அழுது கேட்டும் முடியாதுன்னுட்டாரே."

"இப்ப கொடுப்பாரு," என்றார் அப்பா, விரலில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டே.

மகள் எழுதி முடித்து, தாளையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

"ரெண்டு கையெழுத்து போடுங்கப்பா. 'பெற்றோர்'ங்கிற இடத்துல ஒண்ணு, 'அனுமதிக்கிறேன், அறிவியல் ஆசிரியர்'ங்கிற இடத்துல இன்னொண்ணு."