ஈரச் சாக்கில் வந்த ப்ளூஸ்

அளவுக்கு மீறிய அக்கறையால் ஒரு பொருளை நாசமாக்கலாம் என்பதற்கு நானே சாட்சி. (அக்கறை இல்லாதவன்கூட அம்புட்டுச் சேதம் பண்ணியிருக்க மாட்டான்.)

அப்போது நந்தினியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அவள் அப்பாவின் சம்மதத்துக்காகக் காத்துக்கிடந்தேன். மதுரை வில்லாபுரத்தில் அவருக்கு வீடு. ரிட்டயர்டு பாலிடெக்னிக் வாத்தியார். மனுஷனுக்கு ஒரே கிறுக்கு, ரெக்கார்டு. அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பாடிய ப்ளூஸ், ஜாஸ் பாட்டுகள். அசல் தட்டுகள் கைக்குச் சிக்காது என்பதால், இப்போது புதிதாக அடித்து வெளியிடும் மறுபதிப்புகளைத் தேடித்தேடி வாங்குவார். மூன்று மாதமாக என்னிடம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. காபி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, கோயம்புத்தூர் பஸ்ல ஒரு ரெக்கார்டு வருது. ஆரப்பாளையத்துல வாங்கிட்டு வந்திருவீங்களா? ரெண்டு வருசமாத் தேடுனது. வெயில் மட்டும் பட்டுரக்கூடாது, வளைஞ்சிரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை நம்பி முதல் வேலை! இதை ஒழுங்காக முடித்தால் நந்தினி எனக்குத்தான்.

நான் சோழவந்தான்காரன். வெற்றிலை பயிரிடும் கொடிக்கால் குடும்பம். வெயிலில் ஒரு பொருளைக் கெடாமல் கொண்டுபோவது எப்படி என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? ஈரச் சாக்கில் சுற்றி, காயக் காயத் தண்ணீர் தெளித்தால் எங்கள் வெற்றிலை பறித்த மாதிரியே சந்தைக்குப் போய்ச் சேரும். வீட்டிலிருந்த சாக்குகளிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன்.

ஆரப்பாளையத்தில் அட்டைப்பெட்டியை வாங்கி, பஸ் ஸ்டாண்டுக் குழாயில் சாக்கை நனைத்துப் பக்குவமாகச் சுற்றினேன். பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் கேட்டார், "உள்ள என்னண்ணே, மீனா?"

"ப்ளூஸ்ண்ணே" என்றேன் பெருமையாக.

"அதுக்கு ஐஸ் வைக்க வேணாமா?"

வழியில் ஆறு சிக்னல். ஆறிலும் பாட்டிலில் பிடித்துவைத்த தண்ணீரைத் தெளித்தேன். கடைசி சிக்னலில் ஈரம் போதுமா என்று சந்தேகம் வந்து (என் அறிவே அறிவு!) மிச்சமிருந்த அரை பாட்டிலையும் ஊற்றிவிட்டேன்.

வில்லாபுரத்தில் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். சாக்கைப் பிரித்ததும் பெட்டி தானாகவே பிரிந்தது. உள்ளே ரெக்கார்டு கவரில் கிதாரோடு உட்கார்ந்திருந்த பாடகரின் படம் உரிந்து அவர் உள்ளங்கைக்கு வந்தது. முகம் மட்டும் பெட்டியோடு போய்விட்டது. கூட வந்த பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒரே பக்கமாக ஆகியிருந்தது. செத்தேன் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து வந்த நந்தினி தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்கு நிஜமாகவே அழுகை முட்டியது.

அவர் தட்டை மட்டும் எடுத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிளேயரில் வைத்தார். கரகரவென்று சத்தம்.

"ஐயோ சார், தண்ணி உள்ள இறங்கிருச்சு சார்!"

"சும்மா இருங்க தம்பி. அது அந்தக் காலத்து ஒரிஜினல் தட்டுல இருந்த கீறல். அதுல இருந்துதான இத எடுத்திருக்கான்."

பாட்டு ஓடியது. முடிந்தபிறகுதான் கேட்டார், "எதுக்குத் தம்பி ஈரச் சாக்கு?"

"எங்க வீட்ல வெத்தல வாடாம இப்பிடித்தான் சார் கொண்டுபோவோம்."

"எத்தன தடவ தண்ணி தெளிச்சீங்க?"

"ஆறு தடவ சார்."

"இந்த வெயில்ல நீங்க எதாச்சும் குடிச்சீங்களா?"

"இல்ல சார். நின்னா சாக்கு காஞ்சிரும்ல."

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு மகளைப் பார்த்தார். "ஏம்மா, இவரு உன்னய வாட விடமாட்டாருபோல. எனக்குச் சம்மதந்தான். ஆனா என் அலமாரிப் பக்கம் மட்டும் வரக்கூடாது."

கல்யாணம் ஆகி எட்டு வருஷம். அலமாரிச் சாவி நந்தினியிடம் இருக்கிறது. யார் விருந்துக்கு வந்தாலும் மாமா அந்த ரெக்கார்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். நனைந்து நாசமான கவருக்குப் பதிலாக வெள்ளை அட்டையில் அவரே ஒன்று செய்திருக்கிறார். பாடியவர் யார், கிதார் யார், பியானோ யார் என்று மணிமணியான கையெழுத்தில் வரிசையாக எழுதி, கடைசி வரியில்:

தண்ணீர்: எங்க மாப்ள.