கதிரவேலு காலமானார்

கதிரவேலு செத்து நான்கு நாளாகிவிட்டது. இந்த விசயம் கதிரவேலுவுக்குத் தெரியாது. அவர் புத்தூரில் தன் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவரைக் கொன்றது ஒரே மகள் வினோஜா. பக்கத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் முதலாம் வருசம், தமிழ். படைப்பிலக்கியப் பாடத்துக்குக் கதை எழுதச் சொன்ன தக்சாயினி மிஸ், "உங்கடை வாழ்க்கையிலை உண்மையா நடந்ததாய் இருக்கவேணும். புளுகினால் முட்டைதான்" என்று சொல்லியிருந்தார். வினோஜாவின் வாழ்க்கையில் அதுவரை நடந்தது ஒன்றே ஒன்று: மினிபஸ்ஸில் குடையைத் தொலைத்தது. குடைக்கு யார் அழுவார்கள்? இந்தப் பாடத்தில் நல்ல புள்ளி இல்லையென்றால் தமிழ் சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கமாட்டார்கள். வேறு வழியில்லாமல் அப்பாவைக் கிணற்றில் தள்ளி, எட்டுப் பக்கத்தில் கதையை முடித்தாள்.

நாலாம் நாள் மிஸ் போனில் கோல் எடுத்தார்.

"உம்மடை கதையை வாசிச்சனான் பிள்ளை. மனம் கேக்கேல்லை. வெள்ளிக்கிழமை வீட்டை வாறன்."

"வேண்டாம் மிஸ்! அம்மா ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை."

"அப்ப கட்டாயம் வரத்தான் வேணும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வினோஜா அப்பாவிடம் மெல்லத் தொடங்கினாள். "அப்பா, பின்னேரம் சித்தப்பா வீட்டை போட்டு வாங்கோவன்."

"ஏன்?"

இரண்டு தரம் மழுப்பினாள். மூன்றாம் தரம் கதையின் பிரதியையே கையில் கொடுத்துவிட்டாள். கொடுத்திருக்கக் கூடாது.

கதிரவேலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். செத்தது அவருக்குப் பெரிய விசயமாகப் படவில்லை. செத்த விதம்தான் கொதியைக் கிளப்பியது.

"நான் கிணத்துக்கை வழுக்கி விழுந்தனானோ? முப்பது வருசமாய் உந்தக் கிணத்திலை இறைக்கிறன்! பேந்து, சாகேக்கை ஒண்டரைப் பக்கம் கதைச்சிருக்கிறன். தண்ணிக்குள்ளை கிடந்தோ?"

"அது இலக்கியம் அப்பா."

"நான் ஒரிடமும் போகேல்லை. என்ரை செத்த வீட்டிலை நான் நிப்பன். பெரியப்பா எண்டு சொல்லு!"

வினோஜா குசினிக்கு ஓடினாள். "அம்மா, ஒரு அரை மணித்தியாலம்தான், அந்தப் பொட்டை மட்டும்..."

"என்ரை பொட்டிலை கை வைச்சுப் பார், உண்மையாவே ஒரு செத்த வீடு நடக்கும்" என்றாள் குணலட்சுமி, தேங்காய் திருவியபடி.

அம்மா குசினியை விட்டு வெளியே வருவதில்லை என்று ஒருவழியாக முடிவானது.

மூன்று மணிக்கு ஓட்டோ வந்து நின்றது. மிஸ் இறங்கினார்.

"இவர் பெரியப்பா, மிஸ். அப்பான்ரை தமையன்."

கதிரவேலு துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார். "தம்பி தங்கமான மனிசன், மிஸ். வெய்யில், மழை பாக்கமாட்டான். பெத்த பிள்ளைக்குக்கூட அவன்ரை அருமை தெரியேல்லை..."

போகப் போக அவருக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்துநாலு வயதுவரை அவரைப்பற்றி ஒருத்தரும் நாலு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பாவம் அப்பா, குடையையே எழுதியிருக்கலாம் என்று வினோஜா முதல்தடவையாக நினைத்தாள்.

அப்போது குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இஞ்சாருங்கோ! மோட்டரை நிப்பாட்டினனீங்களோ?"

"ஓம், நிப்பாட்டிப்போட்டன்!" என்றார் காலமானவர்.

மிஸ் குசினிப் பக்கம் திரும்பினார்.

"அது... பெரியம்மா, மிஸ்" என்றாள் வினோஜா.

பெரியம்மாவால் அதற்குமேல் உள்ளே இருக்க முடியவில்லை. குங்குமப் பொட்டும் தேத்தண்ணியுமாக வெளியே வந்தாள். "பிள்ளை எப்பிடிப் படிக்கிறாள் மிஸ்? இவருக்கும் எனக்கும் உவள் ஒருத்திதானே!"

மிஸ் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கைப்பையிலிருந்து பெயர்கள் நிரம்பிய ஒரு தாளை எடுத்து ஒன்றுக்குச் சரி போட்டார். பிறகு எழுந்து, "அப்ப போட்டு வாறன்" என்றார்.

செத்த வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சிறப்பு போச்சு, முட்டைதான். வினோஜா கேற்றடிவரை பின்னால் ஓடினாள். "மிஸ், நான் வந்து..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"உந்த அப்பாவும் உயிரோடைதானே மிஸ்? கெதியா ஏறுங்கோ, அச்சுவேலியிலை செத்த ரெண்டு அப்பாமாரும் தோட்டத்துக்கு இறங்கமுதல் பிடிக்கவேணும்!"