விரால் மீனுக்கு இட்லி போட்டவன்

கொள்கைப் பிடிப்புள்ள இளைஞனை நம்பி ஒரு நாய்க்குட்டியைக்கூட ஒப்படைக்கக் கூடாது. நானே அப்படியொரு இளைஞனாக இருந்தவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் நாற்றுப் பறித்துப் பிழைத்த குடும்பத்திலிருந்து முதல் ஆளாகச் சட்டம் படித்து, தஞ்சாவூரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தேன். குத்தகை நிலத்துக்காக ஊருக்கு ஊர் தகராறு நடந்த காலம். எங்கள் சீனியரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மிராசுதார்கள். (உழுகிறவனுக்கே நிலம் என்று கல்லூரியில் மேசையைக் குத்திப் பேசியவன், இங்கே அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.)

சீனியர் மீனை வாயில் வைக்காத சைவக்காரர். ஆனால் ஆபீஸ் அறையில், பெரிய கண்ணாடித் தொட்டியில், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் வளர்த்தார். அது உயிருள்ளதைத்தான் தின்னும். தினமும் காலையில் மீன்காரம்மா ஒரு டப்பாவில் கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுப்பார். அவற்றைத் தொட்டியில் விடுவது என் வேலை.

விரால் அசையாமல் நிற்கும். குஞ்சுகள் மூலையில் ஒண்டும். அப்புறம் ஒரே பாய்ச்சல். பார்க்கப் பார்க்க எனக்கு அந்தத் தொட்டியே ஒரு மிராசுதார் பண்ணையாகத் தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் முடிவெடுத்தேன்: இனி என் கையால் ஒரு குஞ்சும் சாகாது. டப்பாவைக் கொண்டுபோய், ஊருக்குள் ஓடும் புது ஆற்றில் கவிழ்த்துவிட்டு, விராலுக்கு இட்லியைப் பிட்டுப் போட்டேன். அது வாங்கியது, துப்பியது. மறுநாளும் துப்பியது. பழகிவிடும் என்று நினைத்தேன். (சேற்றிலேயே வளர்ந்தவன் நினைக்கிற நினைப்பா இது?)

இப்படிப் பல நாள் ஓடிய பிறகு, மாரியம்மாள் வழக்கில் சமரசப் பேச்சு வந்தது. அவர் கணவர் குத்தகைக்கு உழுத நிலம். கணவர் இறந்ததும், குத்தகையும் அவரோடு போயிற்று என்றார் எங்கள் கட்சிக்காரரான மிராசுதார். விதைக்கும் நேரம் நெருங்கிவிட்டது. நிலம் போனால் அந்த அம்மாளுக்கு வேறு கதி இல்லை.

"உக்காருங்கம்மா" என்றார் சீனியர்.

"இருக்கட்டுங்க, நிக்கிறேன்." மிராசுதார் எதிரில் அவர் உட்கார்ந்து பழக்கமில்லை.

பேச்சு நகரவில்லை. சலித்துப்போன மிராசுதார் எழுந்து தொட்டியருகே போனார். "என்ன வக்கீல் சார், உங்காளு எளச்சுப் போயிட்டாரே?" என்றபடி விரலைத் தண்ணீரில் விட்டு ஆட்டினார்.

அவர் போட்ட சத்தம் கோர்ட் வரை கேட்டிருக்கும். உதறிய கையோடு விராலும் வெளியே வந்து, வழக்குக் கட்டுகளின் மேல் விழுந்து துள்ளியது. நாற்காலிகள் உருண்டன. சீனியர் மேசைமேல் ஏறிவிட்டார். நான் என் ஒரே கறுப்புக் கோட்டைக் கழற்றி மீன்மேல் போட்டு அமுக்கி, செவுளுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டேன். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது.

விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டே மிராசுதார் என்னைப் பார்த்தார். "இது வெறா புடிச்சுப் பழகுன கை. யாரு வீட்டுப் புள்ளப்பா நீ?"

அதுவரை நான் அவரிடம் சொன்னதில்லை. "காளிமுத்து மகங்க. உங்க பண்ணையில நாத்துப் பறிச்சவரு."

"எங்க காளிமுத்து மவனா!"

அந்த 'எங்க' பாசத்தில் வந்ததா, பட்டா பாத்தியதையில் வந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. மாரியம்மாள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உருண்டு கிடந்த நாற்காலி ஒன்றை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தார்.

"இப்பப் பேசுங்கய்யா" என்றார்.

அன்று ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எந்தப் பேச்சிலும் அவர் நிற்கவில்லை. கடைசியில் நிலம் அவரிடமே தங்கியது. அதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. என் பங்குக்குக் கிடைத்தது மீன் வாடைதான்; கோட்டை எத்தனை தடவை வெளுத்தும் அது போகாமல், வெயில் ஏற ஏறப் பக்கத்து வக்கீல்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். சீனியர் அன்றைக்கே தண்ணீரில் மிதந்த இட்லித் துணுக்கைப் பார்த்து, "இதுக்குச் சட்னி கிடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயம் ஊருக்குப் போனதும் அப்பா சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. "வெறாலப் பட்டினி போட்டுச் சனங்கள வாழவைக்கப் பாத்தியாடா?" என்றார். அதிலிருந்து வீட்டில் பந்தி என்றால் என்னைப் பரிமாற விடுவதில்லை. அப்பா காலத்துக்குப் பிறகு அந்தக் காவலை என் மனைவி எடுத்துக்கொண்டார். மகள் கல்யாணத்தில் ஆசையாகக் குழம்பு வாளியைத் தூக்கினேன். சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் அவர் வாளியைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்:

"நீங்க போய் உக்காருங்க. சாப்பிட வந்தவங்கள்ல யாரு நல்லவங்க, யாரு கெட்டவங்கன்னு யோசிச்சுக்கிட்டு நிப்பீங்க."