சொந்த வீட்டில் ஒரு நாள் வாடகைக்கு

இந்த ஒரு காரியத்தையாவது என் மனைவி லீஸ்பெத்தின் தயவில்லாமல் நானே முடிப்பது என்று தீர்மானித்தேன்.

எனக்கு கென்ட் நகரத்துக்கு மாற்றலானதால் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஓஸ்டெண்டில் கடலைப் பார்த்த எங்கள் மாடி வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் வீடு என்பது பேச்சுக்கு, அடமானம் வங்கியில். வாடகைக்கு விட வங்கி சம்மதிக்க வேண்டும். கேட்டாயா என்றாள் லீஸ்பெத். கேட்டாச்சு என்றேன். மனதுக்குள் கேட்டிருந்தேன். வங்கி மறுக்கவில்லை.

யோரிஸ் என்பவனுக்கு விட்டேன். தனி ஆள், சத்தமே வராது என்றான். உண்மைதான். அங்கே குடியிருந்தால்தானே சத்தம் போட?

ஒருநாள் கீழ்வீட்டு கோடலீவ் அம்மாள் போன் செய்தார். வீட்டை அவன் சுற்றுலா வருகிறவர்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறானாம். ஈர நீச்சலுடையோடு படியேறுகிறார்களாம். ஒருவர் இவர் கதவைத் தட்டி, காலைச் சாப்பாடு எப்போது என்று கேட்டாராம்.

வங்கிக்குத் தெரிந்தால் வீடு போகும். அதைவிட, லீஸ்பெத்துக்குத் தெரிந்துவிடும்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினேன்.

"இனிமே நான் ஏன்பா சொல்லப்போறேன்?"

அந்த 'இனிமே' என் மண்டையில் ஏறவில்லை.

யோரிஸ் போனை எடுக்கவேயில்லை. மாமியார் வீட்டில் அழைப்பு மணி அடித்தால் வங்கிக்காரன்தான் என்று குளியலறைக்குள் போய்விடுவேன். கடைசியில் இணையத்தில் எங்கள் வீட்டின் விளம்பரமே கண்ணில் பட்டது. சுவரில் எங்கள் கல்யாணப் படம். என் பாதி மட்டும் திரைச்சீலைக்குப் பின்னால் போயிருந்தது. திமிரைப் பார் என்று பொருமினேன். பொய்ப் பெயரில் அதே வீட்டைப் பதிவு செய்தேன். அவனைக் கையும் களவுமாகப் பிடிப்பதாகத் திட்டம். பதிவு செய்த நாளன்று லீஸ்பெத் அதிகாலையிலேயே தங்கை வீட்டுக்கு என்று கிளம்பிப் போயிருந்தது வசதியாகப் போயிற்று.

ஓஸ்டெண்டுக்குப் போய் எங்கள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவள் லீஸ்பெத். கையில் துடைப்பம்.

"ஷூவைக் கழட்டிட்டு வா. இப்பத்தான் தொடச்சேன்."

"யோரிஸ்..."

"கோடலீவ் சொன்ன அன்னிக்கே வந்து காலி பண்ண வெச்சுட்டேன்."

"வங்கி?"

"நேர்ல போய்ப் பேசி, சுற்றுலாக்காரங்களுக்கு விடறதுக்கே சம்மதம் வாங்கியாச்சு. நீ கேட்டது அங்க யாருக்கும் ஞாபகமில்லையாம்."

"அப்ப அந்த விளம்பரம்..."

"என்னோடதுதான். பேரை மாத்தின நீ, போன் நம்பரையும் மாத்தியிருக்கலாம்."

என் பதிவை ரத்து செய்துவிட்டதாகவும், ஒரு ஜெர்மன் குடும்பம் கீழே வந்து நிற்பதாகவும், லிஃப்ட் ஓடவில்லை என்றும் சொன்னாள். போனேன். அவர்கள் பெட்டிகளையெல்லாம் நான்காம் மாடிக்குத் தூக்கி வந்து மூச்சு வாங்க நின்றேன். அந்த ஜெர்மன் அம்மாவுக்கு என்னை மிகவும் பிடித்துவிட்டது.

"நல்ல ஆளா இருக்காரே, எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார்.

லீஸ்பெத் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டோட வந்தது" என்றாள்.