மாத்திரைக் கவரில் நிலாப் படம்

செஞ்சி,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை அஜிதன் அவர்களுக்கு உங்கள் மாமனார் விருஷபதாஸ் ஆசிகளுடன் எழுதுவது. அருகன் அருளால் நானும் உங்கள் மாமியார் தர்மவதியும் நலம். என் நலத்தைப் பற்றி உங்களுக்கு வரும் சேதிகள்தான் நலமாக இல்லை. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நான் வாயைத் திறந்தாலே மகள் அனந்தி, "நைனா, நீ பேசாத, மூச்சு வாங்கும்" என்று போனை வைத்துவிடுகிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காரோடு வந்து எங்களைச் சென்னைக்கு அழைத்துப்போய், அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டு, செஞ்சி வீட்டை வாடகைக்கு விடுவதாக முடிவாகியிருக்கிறது. உங்கள் அன்புக்கு நன்றி மாப்பிள்ளை. ஆனால் நான் வருவதற்கில்லை. எனக்கு மாரடைப்பு வந்ததென்றும், ராத்திரியில் கைகால் நடுங்கி ஒடுங்கிப்போகிறேன் என்றும் கேள்விப்பட்டுத்தானே இந்த ஏற்பாடு? முதலாவது பொய். இரண்டாவது உண்மைதான், ஆனால் அது முடிந்துபோன விஷயம்.

மாரடைப்புக் கதையை முதலில் சொல்கிறேன். இங்கே திருவண்ணாமலை ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் ஞாயிறு மாலைகளில் டாக்டர்கள் பொதுமக்களுக்காக மருத்துவச் சொற்பொழிவு நடத்துகிறார்கள். வேர்க்கடலை மண்டியை மூடியபின் எனக்கும் போக்கிடம் வேண்டுமே, போகிறேன். துணைக்கு வல்லம் தாண்டவராயன். நம் மண்டிக்கு மூட்டை கொண்டுவருவாரே, அவர்தான். ஒரு ஞாயிறு, இதயம் நின்றுபோனவருக்கு என்ன செய்வது என்று ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் காட்டினார்கள். முதலில் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும், மூச்சு இருக்கிறதா பார்க்க வேண்டும், 108-க்குச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் நெஞ்சை அழுத்த வேண்டும். இந்த முதல் பாதி நடந்தபோது தாண்டவராயன் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் நான் கூடத்தில் வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்குகிறேன். குடையைத் திருப்பிக் கொடுக்க வந்த தாண்டவராயன் அதைப் பார்த்தார். அவ்வளவுதான். மூட்டை தூக்கிப் பழகிய கை மாப்பிள்ளை! நான் அலறிக்கொண்டு எழுந்தேன். "உசுரு வந்துடுச்சி! உசுரு வந்துடுச்சி!" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். தர்மவதி கொல்லையிலிருந்து ஓடிவந்து, "அண்ணே, அவரு தூங்கறாருண்ணே!" என்றாள். "தூங்கறவரு இன்னாத்துக்கு கண்ண பாதி தெறந்து வெச்சிருக்காரு?" என்று அவர் கேட்டார். சாயங்கால பஸ்ஸில் சேதி அவலூர்பேட்டைச் சொந்தக்காரர்களுக்குப் போய், அங்கிருந்து வாட்ஸப்பில் அனந்திக்கு வந்துவிட்டது. செத்தவனைப் பிழைக்க வைத்தவர் என்று வல்லத்தில் அவருக்கு இப்போது தனி மரியாதை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது நடுக்கம். உங்களிடம் மறைப்பானேன், பயந்துதான் போயிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேர்த்துக் கொட்டும், கை உதறும், கண் இருட்டும். போகிற காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தர்மவதியின் முகத்தைப் பார்த்தபடியே படுத்திருப்பேன். அப்போதுதான் சர்க்கரை நோய்ச் சொற்பொழிவு வந்தது. மண்டபத்து மேனேஜர் பழக்கதோஷத்தில் வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்துவிட்டார். ஆளுக்கு ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சர்க்கரை நோயைப் பற்றிக் கேட்க உட்கார்ந்தோம்.

டாக்டர் ஜெயஸ்ரீ, "ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோட முடிச்சிடுங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து மைக்கை வாங்கி, "எங்க சமணக் குடும்பங்கள்ல பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடுவோம் டாக்டரம்மா. அப்புறம் விடிஞ்சாத்தான்" என்றேன். கைதட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "இருந்தும் எனக்கு ராத்திரில நடுக்கம் வருதே, ஏன்?" என்று கேட்டேன்.

"சர்க்கரை மாத்திரை போடறீங்களா ஐயா?"

"தவறாம. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"ராத்திரி எப்போ?"

"ஒம்போது மணிக்கு. கவர்ல நிலாப் படம் போட்டிருக்குதே! மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டுன்னு முழுங்கிடுவேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, அது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திரை. பொழுது சாயறதுக்குள்ளயே சாப்பிட்டுட்டு ஒன்பது மணிக்கு அதைப் போட்டா, சர்க்கரை அடியோட இறங்கி நடுங்காம என்ன செய்யும்?" மண்டபம் சிரித்தது. எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நம் சமணத் தெருக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. பைக்குள்ளிருந்து மாத்திரைக் கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் தெருவே நிலாவுக்காகக் காத்திருந்திருக்கிறது மாப்பிள்ளை!

மறுநாள் டாக்டர் என்னை வரவழைத்து, ரத்தம் பார்த்து, மாத்திரையைக் குறைத்து, சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்னார். அன்றிலிருந்து நடுக்கம் இல்லை. பொழுதோடு சாப்பிட்டு மொட்டைமாடியில் காற்று வாங்குகிறேன். ராஜகிரிக் கோட்டை மலை இருட்டுவதைப் பார்த்துவிட்டுக் குழந்தைபோல் தூங்குகிறேன். கற்றதைத் தர்மவதிக்கும் விடாமல் சொல்லித் தருகிறேன். அப்பளத்தை நிறுத்தியாயிற்று, ஊறுகாய் ஜாடி பரண்மேல் ஏறிவிட்டது, அவள் தாளிக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணெயை அளக்கிறேன். அவளும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்கிறாள். இப்படி நிம்மதியாக இருக்கிற எங்களை எதற்குக் கிளப்ப வேண்டும்? ஆகவே கார் வேண்டாம். வீடு கேட்டுவந்த பெரியதம்பி வாத்தியாரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பொழுதோடு சாப்பிட்டு, நீண்டநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்,
விருஷபதாஸ்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் தர்மவதி இதை வாங்கிப் படித்தாள். "எல்லாம் சரியா எழுதிக்கீறீங்க. நீங்க இங்கயே இருங்க. நான் போறேன்" என்றாள். "காலையில உப்பு, மத்தியானம் எண்ணெ, சாயந்தரம் கிட்னி. நான் வாழறது புருஷங்கூடவா, மைக்குகூடவா?" என்று கேட்டுவிட்டுப் பரண்மேலிருந்து ஊறுகாய் ஜாடியையும் பெட்டியையும் ஒன்றாக இறக்கிவிட்டாள். நான் சமைத்துப் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவது நடக்கிற காரியமா? அதுவும் தவிர, அவள் இல்லாத வீட்டில் எனக்கு வரும் நடுக்கத்துக்கு டாக்டர் ஜெயஸ்ரீயிடம் மாத்திரை கிடையாது. அறையை இரண்டு பேருக்கே ஏற்பாடு செய்யுங்கள். வீடு உண்டென்று பெரியதம்பி வாத்தியாருக்கும் ஆள் அனுப்பிவிட்டேன். கார் மட்டும் திங்கட்கிழமை வரட்டும். ஞாயிற்றுக்கிழமை கண் நோய்ச் சொற்பொழிவு இருக்கிறது.